படிப்பா, விளையாட்டா?
ஒலிம்பிக் மைதானத்தில் ஓடிய எஞ்சினியர் விஜயரத்தினம்

*மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரப்போகிறது என்று தீவகம் முழுக்கக் கதை. அந்த மைதானத்தில் இறங்கி ஆடப்போகிற எங்கள் பிள்ளை யார்? எழுபது வருடங்களுக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒரு தமிழர் ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடினார். எப்படி ஆடினார் என்பதில் இன்றைக்கு நாங்கள் படிக்க நிறைய இருக்கிறது.*

சாட்டிக் கடற்கரையில் பின்னேரம் நாலரை மணி. வெயில் தணிந்து, வெள்ளை மணலில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். சவுக்கு நிழலில் கிரிக்கெட் ஆடும் பெடியள். அவர்களிலிருந்து விலகி, அலை நனைத்து இறுகிய ஈரமணலில் ஒருவன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். வயது பன்னிரண்டு இருக்கும். கையில் நுனி வளைந்த பூவரசந்தடி. ரெனிஸ் பந்தொன்றைக் காலடியிலேயே வைத்து, தடியால் தட்டித் தட்டி, நண்டு வளைகளைச் சுற்றி வளைத்து ஓட்டிப் போனான். ஒரு தரம்கூடப் பந்து மேலே எழும்பவில்லை.

ஹொக்கி எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 2 - 1 என்று வென்று வெண்கலம் எடுத்த ஆட்டத்தை மாமாவின் கைத்தொலைபேசியில் பார்த்தானாம். பள்ளிக்கூடத்தில் ஹொக்கி இல்லை. தடியை அவனே வெட்டி, நெருப்பில் வாட்டி வளைத்திருக்கிறான்.

"தம்பி, ரியூசனுக்கு நேரமாச்சு, வா! உந்தத் தடி உனக்குச் சோறு போடுமோ?"

கரையிலிருந்து தாய் கூப்பிட்டார். கோபமில்லை, கவலைதான். அந்தக் கேள்வி கேட்கப்படாத வீடு வேலணையிலும் இல்லை, நெடுந்தீவிலும் இல்லை, நயினாதீவிலும் இல்லை. என்னுடைய அம்மாவும் கேட்டவர். அந்தத் தாய்க்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் விஜயரத்தினம் நினைவுக்கு வந்தார்.

மண்டைதீவுச் சந்தியில் ஒரு அடிக்கல்

யாழ்ப்பாணத்திலிருந்து சாட்டிக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், பிறகு சாட்டி. 2025 செப்டம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு வேலையைத் தொடக்கி வைத்த நாளிலிருந்து அந்தச் சந்தியைக் கடக்கும் பேருந்தில் வேறு பேச்சில்லை. காணி விலை ஏறும் என்கிறார் ஒருவர். தரவையும் கண்டலும் அழியும், பறவைகள் எங்கே போகும் என்கிறார் இன்னொருவர். இரண்டு கவலையும் நியாயமானவை. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்க ஆள் குறைவு. அந்த மைதானத்தில் ஆடும் பதினொருவரில் ஒருவராவது தீவகத்துப் பிள்ளையாக இருக்க இப்போதிருந்து என்ன செய்யவேண்டும்?

கட்டடம் எழுப்பினால் பார்வையாளர் வருவார்கள். ஆட்டக்காரர் உருவாக வேறு ஏதோ வேண்டும். விஜயரத்தினம் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் அது என்னவென்று ஓரளவு பிடிபடுகிறது.

கப்பலேறிய குடும்பங்கள்

ஆறுமுகம் விஜயரத்தினம் 1921 ஆகஸ்ட் 24ஆம் திகதி இலங்கையில் பிறந்தவர். வளர்ந்தது சிங்கப்பூரில். அந்தக் காலத்தில் அது புதுமையான விஷயமில்லை. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் பொதுவேலைத் திணைக்களத்துக்கும் எழுதுவினைஞராகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் நிலஅளவையாளராகவும் போனார்கள். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர்களை நாங்கள் 'மலாயன் பென்சனியர்' என்று கூப்பிட்டோம். அவர்கள் கட்டிய நாற்சார் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன.

அந்த மனிதர்கள் அனுப்பிய காசைப் பற்றி ஊரில் எவ்வளவோ கதை உண்டு. அவர்களும் பிள்ளைகளும் அங்கே பின்னேரங்களில் என்ன செய்தார்கள் என்ற கதை குறைவு. விளையாடினார்கள். சிங்கப்பூரின் நடுவில் உள்ள படாங் என்ற பெரிய புல்வெளியின் ஒரு கரையில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கழகம், மறுகரையில் யூரேசியரின் பொழுதுபோக்குக் கழகம். இலங்கையர் தங்களுக்கென்று சிலோன் ஸ்போட்ஸ் கிளப் வைத்திருந்தார்கள். கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் இருந்தது. அலுவலகம் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவது அந்தச் சமூகத்தில் கோயிலுக்குப் போவதைப்போல வழக்கமான காரியம். இதைச் சாதாரண தகவலாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. விஜயரத்தினம் என்ற ஆட்டக்காரர் விளைந்த வயல் அதுதான்.

விக்டோரியா பாடசாலையில் படித்தார். 1942 பெப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது அவருக்கு இருபது வயது. ஒரு விளையாட்டு வீரனுக்குக் கால் வேகமாக ஓடுகிற அந்த மூன்றரை வருடம் ஆக்கிரமிப்புக்குள் போயிற்று. போர் முடிந்தபின் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போய்ப் பொறியியல் படித்தார். திரும்பி வந்து பொதுவேலைத் திணைக்களத்தில் எஞ்சினியரானார்.

எங்கள் ஊர்க் கணக்கின்படி கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்தது, அரசாங்க உத்தியோகமும் கிடைத்துவிட்டது. இனி எதற்கு விளையாட்டு?

முப்பத்தைந்து வயதில் மெல்பேர்ன்

1956 நவம்பரில் மெல்பேர்ன் ஒலிம்பிக் தொடங்கியபோது சிங்கப்பூர் ஹொக்கி அணியில் விஜயரத்தினம் இருந்தார். அவருக்கு வயது 35. இன்றைய அணிகளில் அந்த வயதில் பெரும்பாலோர் ஓய்வறிக்கை கொடுத்துவிடுவார்கள். அந்த அணியில் முழுநேர ஆட்டக்காரர் என்று எவருமில்லை, எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டு ஆடினவர்கள். அவருடன் ஆடிய ரூடி மொஸ்பேர்கன் பின்னாளில் ராஃபிள்ஸ் ஜூனியர் கல்லூரியின் முதல் அதிபரானார். அஜித் சிங் கில் ஆசிரியர்.

எழுபது நிமிட ஆட்டம், பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். தரை புல். இன்றைக்குப்போல நிமிடத்துக்கு நிமிடம் ஆளை மாற்றி இளைப்பாற விடுவதில்லை. இறங்கிய பதினொருவரும் கடைசி வரை ஓடவேண்டும்.

சிங்கப்பூரின் பிரிவில் இந்தியா, ஆப்கானிஸ்தான், அமெரிக்கா. ஆப்கானிஸ்தானை 5 - 0 என்றும் அமெரிக்காவை 6 - 1 என்றும் சிங்கப்பூர் வென்றது. இந்தியாவிடம் 6 - 0 என்று தோற்றது. அந்தத் தோல்வியைத் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். அதே இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 14 கோலும் அமெரிக்காவுக்கு 16 கோலும் போட்டது. அரையிறுதியில் ஜேர்மனியை 1 - 0, இறுதியில் பாகிஸ்தானை 1 - 0. முழுத் தொடரிலும் 38 கோல் அடித்து, ஒன்றுகூட வாங்காத அணி அது. அப்படி ஒரு அணிக்கு எதிரே நின்ற சிங்கப்பூர்ச் சட்டைக்குள் இலங்கையில் பிறந்த ஒரு தமிழர் இருந்தார்.

அந்தத் தொடரில் மலாயாவும் தனி அணியாக ஆடியது. அதன் பெயர்ப்பட்டியலை வாசித்தால் செல்வநாயகம், தேவேந்திரன், சண்முகநாதன் என்று வருகிறது. எங்கள் ஒழுங்கையில் கூப்பிடுகிற பெயர்கள்!

---
பெட்டிச் செய்தி: எண்களில் ஒரு ஒலிம்பிக்

• மெல்பேர்ன் ஹொக்கித் தொடரில் ஆடிய நாடுகள்: 12

• பிரிவு ஆட்டங்களில் சிங்கப்பூர் அடித்த கோல்கள்: 11. வாங்கியவை: 7

• சிங்கப்பூர் ஹொக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1956இல் மட்டுமே

• இலங்கை ஹொக்கி அணி இன்றுவரை ஒலிம்பிக்கில் ஆடியதில்லை

• 1975 கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம். அணித்தலைவர் ஸ்ரீ சண்முகநாதன்
---

ஹொக்கியோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. உதைபந்தாட்டம், கிரிக்கெட், ரக்பி மூன்றிலும் சிங்கப்பூருக்காக ஆடியவர். நான்கு விளையாட்டுகளில் அந்த நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்த ஒரே ஆள் என்று அங்கே அவரை நினைவுகூர்கிறார்கள். காலால் ஆடுவது ஒன்று, மட்டையால் ஆடுவது இரண்டு, தோளால் முட்டி ஆடுவது ஒன்று. இப்போதெல்லாம் ஏழு வயதிலேயே பிள்ளையை ஒரே விளையாட்டில் கட்டிப்போடச் சொல்கிறார்கள். விஜயரத்தினம் அந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் மூன்று விளையாட்டுகள் ஒரு வீரரை இழந்திருக்கும்.

தடியைக் கீழே வைத்த பிறகு

சர்வதேச ஆட்டக்காரரின் வாழ்க்கையில் யாரும் படம் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு. கடைசி ஆட்டம் முடிந்து மறுநாள் காலை தொடங்குகிறதே, அந்தப் பகுதி. அது நாற்பது ஐம்பது வருடம் நீளமானது.

விஜயரத்தினத்துக்கு அந்தக் காலை வெறுமையாக விடியவில்லை. பொதுவேலைத் திணைக்களத்திலிருந்து சிங்கப்பூர்த் துறைமுக அதிகாரசபைக்குப் போய் அதன் பொறியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் கரைசேர்ந்த துறைமுகம் அது. இன்றைக்கு உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1991இல் உருவானபின், 1992இல் அதன் முதல் இணைவேந்தராக நியமிக்கப்பட்டு 2005 வரை அந்தப் பதவியில் இருந்தார். 2016 பெப்ரவரி 18ஆம் திகதி, 94ஆவது வயதில் காலமானார்.

படிப்பு இருந்ததால்தான் அவரால் பயமில்லாமல் ஆட முடிந்தது என்று சொல்லலாம். ஆடியதால்தான் அவ்வளவு பெரிய வேலைகளைச் சுமக்க முடிந்தது என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று பிரித்தெடுக்க நான் முயலமாட்டேன். ஒரே நாளுக்குள் அலுவலகத்துக்கும் மைதானத்துக்கும் இடமிருந்தது. நாளை அப்படி ஒழுங்கு பண்ணிக் கொடுத்தவர்கள் பாடசாலையும் கழகமும் வேலை கொடுத்தவரும்.

கிர்க்கியின் தன்ராஜ்: வேறொரு வழி

எல்லோருக்கும் அந்த மூன்றும் வாய்ப்பதில்லை. இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையின் கதை அதற்குச் சாட்சி.

1968 ஜூலை 16இல் பூனாவுக்கு அருகே கிர்க்கியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் தன்ராஜ். தந்தை நாகலிங்கம் வெடிமருந்துத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிப்பவர். உடைந்து எறியப்பட்ட தடிகளைக் கட்டி ஒட்டி அண்ணன் தம்பிமார் ஆடிப் பழகினார்கள். அண்ணன் ரமேஷும் இந்தியாவுக்காக ஆடியவர். தன்ராஜ் 1989இல் இந்திய அணிக்குள் வந்து 2004 வரை நின்றார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு. பந்தோடு அவர் ஓடுகையில் தலைமயிர் பின்னால் பறக்கும். எங்கள் தலைமுறையில் தூர்தர்சன் அலை எட்டிய வீடுகளில் அவருக்காகவே ஹொக்கி பார்த்தவர்கள் உண்டு.

1998 டிசம்பரில் பாங்கொக்கில் அவருடைய தலைமையில் இந்தியா 32 வருடங்களுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்கு அவரும் வேறு சில மூத்த வீரர்களும் அணியிலேயே இல்லை. நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்த தலைவனின் நிலை அது. ஜேர்மனி, பிரான்ஸ், மலேசியா, வங்கதேசம் என்று கழகங்களுக்காக ஊர் ஊராக ஆடினார். ஹொக்கியைத் தவிர வேறு வாழ்க்கை தெரியாத மனிதர், அதனால்தான் அவருடைய ஒவ்வொரு தோல்வியும் அவரை அழவைத்தது. 2000 சிட்னியில் போலந்து கடைசி நிமிடங்களில் 1 - 1 என்று சமன் செய்ய, அரையிறுதி வாய்ப்புப் போயிற்று. அந்த அணியில் அவரும் ஒருவர்.

ஆனாலும் தன்ராஜின் பின்னாலும் ஒரு கை இருந்தது. இந்தியாவில் ரயில்வேயும் காவல்துறையும் ஹொக்கிக்காரருக்கு வேலை கொடுக்கின்றன. அரசாங்க விமான நிறுவனமும் முன்பு கொடுத்தது. அவருக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் கொடுத்தது. மைதானத் தொழிலாளியின் மகன் பதினைந்து வருடம் நாட்டுக்காக ஆட அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. இப்போது இந்திய அணிக்குப் போன அரியலூர்ப் பெடியன் கார்த்தி செல்வத்துக்கு அந்தக் கை கோவில்பட்டி விளையாட்டு விடுதியாக வந்தது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன நகரம் அது. கிரிக்கெட் நாடு முழுக்க ஆண்டாலும் அங்கே ஹொக்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்?

இலங்கையில் ஹொக்கி என்றால் மாத்தளை, கண்டி, மாத்தறை. தேசிய மட்டத்தில் பலமான கழகங்கள் முப்படையினருடையவை. படையில் சேர்ந்தால் வேலையும் உண்டு, பயிற்சியும் உண்டு. தீவகத்துப் பெடியனுக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்காது. காரணத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1990இல் தீவகம் இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடங்கள் வேறு ஊர்களில் கொட்டிலுக்குள் நடந்தன. திரும்பி வந்தவர்கள் முதலில் வீட்டுக் கூரையைப் போட்டார்கள், பிறகு கிணற்றை இறைத்தார்கள். மைதானத்தில் முளைத்த பற்றையை வெட்டுவது கடைசி வேலையாகப் போனதில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஒரு தலைமுறையின் பின்னேரங்கள் அப்படிப் போயின. அந்தத் தலைமுறைதான் இன்றைய தாய் தகப்பன். தாங்கள் ஆடாத விளையாட்டுக்குப் பிள்ளையை அனுப்ப அவர்களுக்குப் பயம்.

அந்தப் பயத்தை ஒரே ஒரு பெண் ஓரளவு கரைத்தார். வலிகாமத்தின் புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். ஊரில் அந்த உயரத்துக்காக எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். வலைப்பந்தாட்டத்தில் அதே உயரம் இலங்கைக்கு 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 2018 இறுதி ஆட்டம் நடந்தது சிங்கப்பூரில், விஜயரத்தினத்தின் ஊரில். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவர் தர்ஜினி. பல்கலைக்கழகம் போனவர், வங்கி வேலை பார்த்தவர், அவுஸ்திரேலியக் கழகங்களில் ஆடியவர். அவரைக் கேள்விப்பட்ட பிறகு மகளை வலைப்பந்தாட்டத்துக்கு விட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். ஹொக்கியில் அப்படி ஒருவரை எங்கள் பிள்ளைகள் இன்னும் காணவில்லை.

---
பெட்டிச் செய்தி: ஹொக்கி பார்க்காதவர்களுக்கு

• பக்கத்துக்கு 11 பேர். இப்போது 15 நிமிடக் காலாட்டங்கள் நான்கு

• மைதானம் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். பந்து 156 முதல் 163 கிராம்

• தடியின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடக்கையருக்கெனத் தனித் தடி கிடையாது

• கோல் கம்பத்தின் முன்னுள்ள அரைவட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல்

• 1976 மொன்றியலில் செயற்கைத் தரை வந்தது. அதன்பிறகு ஒலிம்பிக் ஹொக்கி புல்லுக்குத் திரும்பவில்லை

• ஐவர் ஹொக்கிக்குச் சிறிய ஆடுகளம் போதும். அதன் முதல் உலகக் கிண்ணம் 2024 ஜனவரியில் ஓமானில் நடந்தது
---

பேருந்தும் படகும்

செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டும், அதற்கு நாள்தோறும் தண்ணீர் தெளிக்கவேண்டும். குடிதண்ணீருக்கே சாட்டிக் கிணறுகளை நம்பியிருக்கிற தீவகத்தில் அதைக் கேட்பது சரியென்று எனக்குப் படவில்லை. ஆனால் ஐவர் ஹொக்கிக்குப் பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு பாதி போதும். இருபது தடி, ஒரு பெட்டி பந்து, கோல்காப்பாளருக்கு ஒரு சோடி கவசம், விளையாட்டுத் தெரிந்த ஒரு ஆசிரியர். ஊர்ச் சங்கங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆண்டுதோறும் ஒன்றுகூடுகின்றன. கோயில் கோபுரத்துக்கு அனுப்புகிற கை இதற்கும் அனுப்பும். கேட்டுப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. பாடசாலை முடிந்து ஒரு பிள்ளை பயிற்சிக்கு நின்றால் வீட்டுக்கு எப்படிப் போகும்? நயினாதீவுப் பிள்ளை குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். ஊர்காவற்றுறைப் பிள்ளைக்குப் பேருந்து போனால் போனதுதான். ஆட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பயிற்சியை விட்டுவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு பேருந்தையும் ஒரு படகையும் பிந்தி விட்டால் தீவகத்தின் ஆடுகளங்களில் ஆள் சேரும். மண்டைதீவு அடிக்கல்லைப் பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள் இந்த நேரசூசியையும் கையில் எடுக்கவேண்டும் என்று பணிவாகக் கேட்கிறேன்.

ரியூசனும் அப்படித்தான். பின்னேரம் மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை பிள்ளையை வாங்கில் இருத்தி வைக்கிறோம். சிங்கப்பூரில் எஞ்சினியரானவருக்கு அந்த நேரம் மைதானத்தில் கழிந்தது.

கடந்த வாரம் திரும்பவும் சாட்டிக்குப் போனேன். அதே பெடியன், அதே பூவரசந்தடி. இடக்கையன் என்பதை இந்த முறைதான் கவனித்தேன். ஹொக்கியில் தடிக்கு ஒரு பக்கம்தான், இடக்கை மேலே, வலக்கை கீழே பிடிக்கவேண்டும் என்று காட்டினேன். கையை மாற்றிப் பிடித்து நாலைந்து தரம் மணலைத்தான் அடித்தான்.

தாய் பக்கத்தில் வந்து நின்றார். விஜயரத்தினத்தின் கதையைச் சொன்னேன். மெல்பேர்ன், இந்தியா, நான்கு விளையாட்டு எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்கு வந்ததும் இடைமறித்தார்.

"எஞ்சினியரோ? ஒலிம்பிக்கும் ஆடி, எஞ்சினியருமோ?"

"ஓம் அக்கா. பல்கலைக்கழகத்துக்கு இணைவேந்தராயும் இருந்தவர்."

கொஞ்ச நேரம் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்து தடியில் பட்டுச் சத்தம் கேட்டது. அவன் அதன் பின்னால் ஓடினான்.

"உது காலிலை பட்டால் எலும்பு உடையாதோ? காலுக்கு என்ன போடுறவை?" என்று கேட்டார்.